பால்கனியும் கடப்பாறையும்

மஸ்கட்டிலேர்ந்து லீவுல வந்த மச்சான் சும்மா இருந்திருக்கலாம்.

வந்தோமா, அத்தை வெச்ச வத்தக்குழம்பைச் சாப்பிட்டோமா, போறப்ப கோயில் இட்லி ரெண்டு கட்டிக்கிட்டுப் போனோமான்னு இருந்திருக்கலாம். இல்லே. போனை எடுத்து நம்மாளு மூஞ்சிக்கு நேரா நீட்டி, ஒவ்வொரு படமா தள்ளித் தள்ளிக் காட்ட ஆரம்பிச்சாரு. ஒரு பக்கம் காஞ்சு கெடக்கிற பாறை. இன்னொரு பக்கம் அதலபாதாளம். நடுவுல கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, இடுப்புல கை வெச்சுக்கிட்டு மச்சான்.

"ஜெபல் ஷம்ஸ். ஓமன்லயே உசரமான மலை மச்சான். மூவாயிரம் மீட்டரு. பாலைவன மலை! ஒரு மரம், ஒரு நெழலு கிடையாது. இங்க இன்னா மலை இருக்குது, ஏறிட்டு வந்துட்டேன்னு சொல்லிக்க?"

நம்மாளு அப்போ குழித்தறியில காலை உள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல முன்கூடத்துலயே தறி போட்டிருக்கிற பட்டு நெசவாளி. வயசு நாப்பத்தஞ்சு. பேரு வேணாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு (முதல் முயற்சியைப் படிச்சதும் ஏன்னு உங்களுக்கே புரியும்). அவரோட மலையேறுற அனுபவம்னா ஒண்ணே ஒண்ணுதான். தெருவைத் தாண்டினா வர்ற கைலாசநாதர் கோயில்ல, கருவறையைச் சுத்தி வர்ற அந்தக் குறுகலான உள்சுத்துல தவழ்ந்து போய்த் தவழ்ந்து வெளிய வந்தது. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டின கோயில். கைலாச மலையையே ஊருக்குள்ள கொண்டாந்து வெச்ச மாதிரி கட்டிட்டான். பிள்ளையார்பாளையத்துக்காரன் வேற மலைக்கு எதுக்குப் போகணும்னு நெனச்சிருப்பான் போல.

நம்மாளு பதில் சொல்லலை. பதில் சொன்னது மூலையில பாவு நூலுக்கு முடி போட்டுக்கிட்டிருந்த பெரியப்பா. அறுபத்துமூணு வயசு.

"பாலைவனம்னா மணலு இருந்தாத்தானாடா? சித்திரையில பர்வதமலை ஏறிட்டு வந்து பேசு."

*

இதுல பெரியப்பா சொன்னது வெறும் வீம்பு இல்லை. தமிழ்ல ஐந்து நிலம் பிரிச்சாங்க, பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அதுல பாலைக்குத் தனியா ஒரு இடம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயில்ல தன் குணம் கெட்டுப்போய்ப் பாலைங்கிற வடிவம் எடுக்கும்னு சிலப்பதிகாரத்துல, காடுகாண் காதையில வருது. அதாவது பாலைங்கிறது ஊரு பேரு மாதிரி இல்லை, ஜுரம் மாதிரி. வரும், போகும். மார்கழியில பச்சையா நிக்கிற மலை சித்திரையில இலையெல்லாம் உதிர்த்துட்டு, பாறையெல்லாம் தோசைக்கல்லா மாறி நின்னா, அது பாலை மலைதானே?

அந்தக் கணக்குல வடதமிழ்நாட்டுல அசல் பாலை மலைன்னா பர்வதமலையைத்தான் காட்டணும். திருவண்ணாமலை மாவட்டம், கலசபாக்கம் பக்கம், ஜவ்வாது மலைக்கு அண்டையில. சுமார் 4,560 அடின்னு எல்லாரும் சொல்ற உயரம். அடிவாரம் சமவெளியில இருக்கிறதால, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டரை ஒத்த அடியா கால்ல ஏறியாகணும். உச்சியில மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். ஏறுறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு தென்மாதிமங்கலம் (தென்மகாதேவமங்கலம்கிறதுதான் இப்படித் தேய்ஞ்சுபோச்சு), இன்னொண்ணு கடலாடி.

இப்போ ஜெபல் ஷம்ஸைப் பாருங்க. பேருக்கு 'சூரிய மலை'ன்னு அர்த்தம். மூவாயிரம் மீட்டர்ங்கிறது நெசம்தான். ஆனா பாதி மலைக்கு மேல வண்டி போயிடும். கிட்டத்தட்ட ரெண்டாயிரம் மீட்டர்ல ஒரு மேட்டுநிலம், அங்க இறங்கித்தான் நடக்கவே ஆரம்பிப்பாங்க. மிச்சம் ஏறுறது சுமார் ஆயிரம் மீட்டர். ஆக, காலுக்குக் கணக்குப் பார்த்தா மஸ்கட் மலையும் பர்வதமலையும் ஒரே எடை.

இதை மச்சான்கிட்ட நம்மாளு சொன்னப்போ, "அப்போ போலாம்"னுட்டாரு. வாய் குடுத்தாச்சு.

*

எப்போ போறது? இங்கதான் ஒரு சின்னச் சிக்கல்.

பர்வதமலைக்குக் கூட்டம் போறது பௌர்ணமிக்கு. காஞ்சிபுரம் தறிக்காரனுக்கு லீவு அமாவாசைக்கு. வனத்துறை ராத்திரியில விட்டா ஊரே நிலா வெளிச்சத்துல ஜம்முனு ஏறும். நெசவாளி மட்டும் கும்மிருட்டுல டார்ச்சைத் தட்டித் தட்டி எரிய வெச்சுக்கிட்டு ஏறணும். (பட்டுச் சேலை கட்டி பௌர்ணமி கும்பிடுறவங்க யாரும் இதை யோசிச்சிருக்க மாட்டாங்க.)

சரி, அமாவாசைன்னா ராத்திரி ஏற முடியாது, பகல்லயே ஏறிடலாம்னு நம்மாளு ஒரு முடிவெடுத்தாரு. அவரு வாழ்க்கையில எடுத்த மோசமான முடிவுகள்ல இது ரெண்டாவது. (முதலாவது, கல்யாண சீசன்ல கோர்வைச் சேலைக்குத் தேதி சொல்லி வாக்குக் குடுத்தது. அது வேற கதை.)

சித்திரை அமாவாசை. காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னு பேச்சு. மச்சான் தலைக்கு டை அடிச்சுக் காய வெச்சு வர ஆறரை. தெரிஞ்சவங்களோட ஆம்னி வேன். ஆரணியில டிபன். ஆரணியும் பட்டு ஊருதான்ங்கிறதால பெரியப்பா அங்க ஒரு கடை வாசல்ல நின்னு, தொங்கின சேலையோட முந்தியைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிட்டு வந்ததுல கால் மணி. போளூர்ல ரெண்டு லிட்டர் கலர் பாட்டில் வாங்கினது. அடிவாரத்துல பச்சையம்மன் கோயில்ல கும்பிட்டு, அங்க ஆளுயரத்துக்கு மேல உக்காந்திருக்கிற முனிகள் முன்னாடி போட்டோ எடுத்து, ஏற ஆரம்பிச்சப்போ மணி ஒன்பதேகால்.

மச்சான் போட்டிருந்தது ஜீன்ஸ். புது ஷூ. நம்மாளு ஷூவும் புதுசுதான், பையனோடது, அரை சைஸ் சின்னது. தலைக்கு ஒரு லிட்டர் தண்ணி, கூட அந்தக் கலர் பாட்டில்.

பெரியப்பா? வேட்டியை மடிச்சுக் கட்டி, தலையில துண்டு, வெறுங்கால். கையில ஒரு தூக்கு. அதுல நீராகாரம், கல்லுப்பு, சின்ன வெங்காயம். மச்சான் பார்த்து சிரிச்சாரு.

முதல் அரை மணி நேரம் படிக்கட்டு. நல்ல படிதான். ஆனா படின்னு ஒண்ணு ஒரே உயரத்துல வந்தாத்தான் காலுக்குப் பழகும். இங்க ஒண்ணு முழங்காலுக்கு வரும், அடுத்தது பாதத்துக்கு வரும். ரெண்டு பக்கமும் புதர்க்காடு, மரம்னு நிக்கிறதெல்லாம் குச்சி. நெழலுன்னு ஒதுங்கினா, தலைக்கு இருக்கு, தோளுக்கு இல்லை. காத்து அடிச்சா ஆறுதல்னு நெனைப்போம், அன்னிக்கு அடிச்ச காத்து உலைமூடியைத் தெறந்த மாதிரி இருந்துச்சாம்.

உயரம் போகப் போகக் குளிரும்னு மச்சான் ஒரு சயின்ஸ் சொன்னாரு. தப்பில்லை. ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும். ஆனா அது காத்தோட கணக்கு. பாறைக்கு அந்தக் கணக்கு தெரியாது. வெயில் கீழேர்ந்தும் அடிக்கும்னு நம்மாளு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டாரு.

பதினொண்ணரை மணி வாக்குல தண்ணி காலி. கலர் பாட்டிலைத் திறந்தா கொதிக்குது, நுரை பொங்கி பாதி சட்டைக்கு. மீதியைக் குடிச்ச பத்தாவது நிமிஷம் மச்சானுக்கு ரெண்டு ஆடுசதையும் ஒரே நேரத்துல இழுத்துப் பிடிச்சிடுச்சு. பாறையில மல்லாக்க விழுந்து "அம்மா"ன்னு அவரு போட்ட சத்தம் மஸ்கட் வரைக்கும் கேட்டிருக்கும். பாறை சூட்டுல முதுகு பொத்துப்போய் அடுத்த "அம்மா".

பெரியப்பா தூக்கைத் திறந்து, நீராகாரத்துல உப்பைக் கரைச்சுக் குடுத்தாரு. மச்சான் சிரிக்கலை.

விஷயம் சாதாரணம்தான். வெயில்ல மலை ஏறுற உடம்பு ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டருக்கு மேலகூட வேர்க்கும். காஞ்ச காத்துல வேர்வை உடனே ஆவியாயிடுறதால வேர்த்ததே தெரியாது. சட்டையில வெள்ளை வெள்ளையா உப்புக் கோடு நிக்கும்போதுதான் தெரியும். போறது தண்ணி மட்டுமில்லே, உப்பும்தான். அதுக்கு வெறும் தண்ணியை மட்டும் மொடமொடன்னு குடிச்சிக்கிட்டே இருந்தா ரத்தத்துல உப்பு இன்னும் நீர்த்துப்போகும், தலைசுத்தல், வாந்தின்னு அது வேற பக்கம் கொண்டுபோய் விடும். ஒரு லிட்டர் தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரைங்கிறது வயித்துப்போக்குக்கு நர்ஸம்மா சொல்ற கணக்கு, இங்கயும் கைகொடுக்கும். மோர், நீராகாரம் எல்லாம் அதே வேலையைத்தான் நம்ம வீட்டுல காலங்காலமா பண்ணிக்கிட்டிருக்கு.

அப்புறம் பெரியப்பா மேல அண்ணாந்து பார்த்தாரு. உச்சிக்குப் போற வழியில சங்கிலி கட்டின பாறை இன்னும் மேல தூரத்துல கோடு மாதிரி தெரிஞ்சுச்சு.

"சாமி எங்கயும் போயிடாது. எறங்குங்கடா."

இறங்கிட்டாங்க. மச்சானுக்கு மானம் போன மாதிரி. நம்மாளுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம் (கட்டைவிரல் நகம் அப்பவே கறுத்திருந்துச்சு).

அன்னிக்கு நடந்ததுலயே உருப்படியான காரியம் அந்த இறங்கினதுதான். இது வேடிக்கையா முடிஞ்சதால வேடிக்கையா எழுத முடியுது. 2024 கோடையில கோயம்புத்தூர் வெள்ளியங்கிரியில ஏழு மலை ஏறப் போனவங்கள்ல பல பேர் உயிரோட திரும்பலை. மூச்சுத் திணறல், மாரடைப்புன்னு அடுத்தடுத்து செய்தி வந்துச்சு. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி குரங்கணி காட்டுத் தீயில சிக்கி இறந்தவங்க 20 பேருக்கு மேல. காஞ்ச புல், மேல்நோக்கி அடிச்ச காத்து, ஓட முடியாத சரிவு. அதுக்கப்புறம்தான் இந்த மாநிலத்துல மலையேற்றத்துக்குன்னு தனியா விதிமுறையே வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளை அறிவிச்சு, வழிகாட்டியோட கூட்டிட்டுப் போறதும் அதோட தொடர்ச்சிதான்.

*

தோத்துட்டு வந்த நம்மாளு ஒரு வாரம் நாடா தள்ளுறப்பல்லாம் இதையே யோசிச்சிருக்காரு. அப்புறம் நூலகத்துக்குப் போனாரு. போன இடத்துல கிடைச்சது, ஆச்சரியமான ஒரு பொருள்.

பத்துப்பாட்டுல பத்தாவது, மலைபடுகடாம். 583 அடி. பாடினவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை (இன்னிக்குச் செங்கம்) ஆண்ட நன்னன். அதுல வர்ற நவிர மலைதான் இன்னிய பர்வதமலைன்னு சொல்றாங்க. இந்தப் பக்கத்துச் சேயாறும் அதே பாட்டுல ஓடுது.

இது ஆற்றுப்படை. நன்னன்கிட்ட பரிசு வாங்கின கூத்தர் ஒருத்தர், எதிர்ல வர்ற இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்றாரு. 'மன்னன் நல்லவன், போ'ன்னு ரெண்டு வரியில முடிச்சிருக்கலாம். முடிக்கலை. வழியில என்னென்ன இடைஞ்சல்னு வரிசையா சொல்லிக்கிட்டே போறாரு. பன்றிக்குப் பொறி வெச்சிருப்பாங்க, இருட்டுல போய் மாட்டிக்காதே, விடிஞ்சதும் போ. பாறை வெடிப்புல பாம்பு இருக்கும். தினைப்புனம் காக்கிறவங்க யானையை வெரட்ட கவண்ல கல்லு விடுவாங்க, அது உன் மேல விழும், மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கிக்கோ. சுனையோரம் பாசி வழுக்கும், மூங்கிலையும் கொடியையும் பிடிச்சுக்கிட்டுக் கட. குழந்தைகளைக் கூட்டிட்டு வந்திருக்கே, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டுப் போங்க.

நம்மாளு இதைப் படிச்சுட்டு நேரா பெரியப்பாகிட்ட ஓடினாரு. "பெரியப்பா, கொடியைப் பிடிச்சு ஏறுன்னு எழுதியிருக்காரு. இப்போ சங்கிலி. அவ்ளோதான் வித்தியாசம்!"

பெரியப்பா அசரலை. "மணி எத்தனைக்குக் கிளம்பச் சொல்லியிருக்காரு, அதைப் பாரு."

அதுதான் விஷயம். மணி.

எகிப்துல சினாய் மலை இருக்கு, 2,285 மீட்டர், சுத்தமான பாலைவனம். அடிவாரத்துல ஆறாம் நூற்றாண்டுல ஜஸ்டீனியன் பேரரசர் கட்டின புனித கேத்தரின் மடம். துறவிகள் பாறையில வெட்டின 3,750 படி. அந்த மலை ஏறுறவங்க நடுராத்திரிக்கு மேல, ஒரு மணி ரெண்டு மணிக்குக் கிளம்பி, சூரியன் உதிக்கும்போது உச்சியில நிப்பாங்க. அமெரிக்காவுல அரிசோனா மாநிலம் பீனிக்ஸ் ஊருக்குள்ளயே ஒட்டக முதுகுன்னு அர்த்தம் வர்ற கேமல்பேக் மலை, சுமார் 2,700 அடிதான், நம்ம மலையில பாதிக்குக் கொஞ்சம் மேல. வெயில்ல சுருண்டு விழறவங்களைத் தூக்கிட்டு வந்து வந்து அலுத்துப்போய், கடும் வெயில் எச்சரிக்கை விடுற நாள்ல பாதைக் கதவையே மூடுற வழக்கத்தை 2021-ல ஆரம்பிச்சாங்க. முதல்ல காலை 11 மணிக்கு மூடினாங்க. அதுவும் பத்தாதுன்னு அப்புறம் 9 மணிக்கே மூட ஆரம்பிச்சாங்க.

ஒன்பது! நம்மாளு படியில கால் வெச்ச கிட்டத்தட்ட அதே நேரம்.

இப்போ யோசிச்சுப் பார்த்தா பௌர்ணமிக்கு மலை ஏறுறது பக்தி மட்டும்தானான்னு சந்தேகமா இருக்கு. ராத்திரி பாறை ஆறியிருக்கும். வேர்வை கம்மி. மேல நிலா, இலவச டார்ச். அம்மன், சிவன்னு ஒரு காரணம் சொன்னா நம்ம ஊருக்காரன் கேட்பான். 'உடம்புல நீர்ச்சத்து குறையும்'னு சொன்னா 'எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது'ம்பான். இது தெரிஞ்சுதான் யாரோ முன்னோர் அப்படி வெச்சாங்களான்னு அடிச்சுச் சொல்ல வழியில்லை. ஆனா சினாயும் பர்வதமலையும் பேசி வெச்ச மாதிரி ஒரே நேரத்துல ஏறியிருக்கு.

*

வைகாசி அமாவாசை. மச்சான் லீவை நீட்டிச்சிட்டாரு (மானப் பிரச்சினை). முந்தின ராத்திரியே போய் அடிவாரத்துல படுத்துட்டாங்க. வனத்துறை எப்போ விடும்னு விசாரிச்சு வெச்சுக்கிட்டு, விடிகாலையில விட்டதும் முதல் ஆளா இருட்டோட கிளம்பினாங்க. ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, ஒரு லிட்டர் உப்பு சேர்த்த மோர். பழைய செருப்பு, பின்னாடி வார் வெச்சது. மச்சான் ஜீன்ஸுக்குப் பதிலா ட்ராக் பேன்ட், தலையில பெரியப்பா மாதிரியே துண்டு. பெரியப்பா அதே வேட்டி, அதே தூக்கு.

கிளம்புறப்போ மச்சான் கடைசியா ஒரு கொக்கி போட்டுப் பார்த்தாரு. 1944-ல காஞ்சி மகா பெரியவர் இந்த மலையையே லிங்கமா பாவிச்சு, மேல ஏறாம கிரிவலம் மட்டும் வந்தாருன்னு ஊருல சொல்லுவாங்க. மார்கழி முதல் நாள் கிரிவலம் இங்க பிரசித்தமானதுக்கும் அதைத்தான் காரணமா சொல்றாங்க. "பெரியவரே ஏறலையாம் மாமா. நாமளும் பேசாம சுத்திட்டு..."

"சுத்தறது இருபது கிலோமீட்டருக்கு மேல. வரியா?"

மச்சான் ஏற ஆரம்பிச்சாரு.

போன தடவை நாக்கு தள்ளின அதே படிக்கட்டு, இந்தத் தடவை ஏதோ வாக்கிங் மாதிரி போச்சு. பாறையைத் தொட்டா சில்லுன்னு இருக்கு. படி முடிஞ்சு கரடுமுரடான பாறைப் பாதை ஆரம்பிக்கிற இடத்துல வெளுத்துச்சு. கீழ ஏரிங்க ஒண்ணொண்ணா பளிச்சுன்னு தெரிய ஆரம்பிச்சுது, பாதி ஏரியில தண்ணி இல்லை. பெரியப்பா ஒரே வேகத்துல போனாரு. வேகமும் இல்லை, நிக்கவும் இல்லை. நம்மாளு இதுக்கு ஒரு விளக்கம் வெச்சிருக்காரு: நாப்பது வருஷம் மிதிக்கட்டையை ஒரே தாளத்துல மிதிச்ச காலு, அதுக்கு ஓடவும் தெரியாது, நிக்கவும் தெரியாது. (அதே நாப்பது வருஷம் மிதிச்ச எதிர் வீட்டுக்காரர் மாடிப்படி ஏற முடியாம உக்காந்திருக்காரு. அதனால இந்த விளக்கத்தை ரொம்ப நம்ப வேணாம்.)

அப்புறம் வந்துச்சு அந்த இடம்.

பர்வதமலையோட பேரே இந்த ஒரு பகுதியிலதான் இருக்கு. செங்குத்துப் பாறை. அதுல கடப்பாறைக் கம்பிகளை அடிச்சு இறக்கி, சங்கிலி கட்டியிருக்காங்க. கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படின்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு. தண்டவாளப் படின்னா நெசமாவே தண்டவாள இரும்பு. ஆகாயப் படின்னு ஏன் பேரு வெச்சாங்கன்னு அதுல நிக்கும்போது கீழ பார்த்தா தெரிஞ்சுடும். பார்க்காதீங்க.

சங்கிலியைப் பிடிச்சு ஏறுறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. புதுசா வர்றவங்க கையாலயே உடம்பை இழுப்பாங்க. பத்து நிமிஷத்துல முன்கை செத்துடும். காலுதான் தூக்கணும், சங்கிலி சாயாம இருக்கிறதுக்கு மட்டும். மூணு பிடிமானம் இருந்தாத்தான் நாலாவதை எடுக்கணும். முன்னாடி போறவரோட காலுக்கும் நம்ம தலைக்கும் நடுவுல இடம் விடணும், கல்லு பெயர்ந்து வரும். இதெல்லாம் பெரியப்பா முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஏறினப்ப கத்துக்கிட்டது.

பாதிப் பாறையில மச்சான் நின்னுட்டாரு. ரெண்டு கையாலயும் கடப்பாறையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறாரு.

"இன்னாடா?"

"மாமா... ஒண்ணு சொல்லணும்."

"இங்கயா?"

"ஜெபல் ஷம்ஸ்ல நான் உச்சிக்குப் போகலை மாமா."

ஓமன்ல மலைப் பாதைக்கெல்லாம் நம்பர் உண்டு. பாறையில மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு கோடு பெயின்ட் அடிச்சு வழி காட்டியிருப்பாங்க. உச்சிக்குப் போறது டபிள்யூ-4. போய்த் திரும்ப பகல் முழுக்க ஆகும். அதுலயும் நெசமான உச்சியில ராணுவத்தோட ராடார் இருக்கிறதால, நடக்கிறவங்க போய்ச் சேர்றது 2,997 மீட்டர்ல இருக்கிற தெற்கு உச்சிக்கு. மச்சான் போனது டபிள்யூ-6. அதுக்குப் 'பால்கனி நடை'ன்னு செல்லப் பேரு. பள்ளத்தாக்கு ஓரமா, பெரிய ஏத்தம் இல்லாம போய், ஆள் காலி பண்ணிட்டுப் போன ஒரு பழைய கிராமத்துல முடியும். அழகுக்குக் குறைச்சல் இல்லை. அந்த அதலபாதாளமும் நெசம்தான். ஆனா ஏறுறதுன்னு சொல்ல முடியாது.

கடப்பாறையில தொங்கிக்கிட்டே பெரியப்பா சிரிச்ச சிரிப்புல, பின்னாடி வந்த பையன் ஒருத்தன் "யோவ் பெருசு, ஆடாதய்யா!"ன்னு கத்தினான்.

மச்சானை நம்மாளு ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருக்கலாம், வாயைத் திறக்கிற நிலைமையில அவரும் இல்லை.

எட்டரை மணிக்கு உச்சி. காத்துன்னா அப்படி ஒரு காத்து, வேட்டி கொடி மாதிரி படபடக்குது. சின்னக் கோயில். இங்க விசேஷம் என்னன்னா, கும்பிடப் போறவங்களே லிங்கத்தைத் தொட்டு அபிஷேகம் பண்ணி, பூ வெக்கலாம். பெரியப்பா மடியிலேர்ந்து எடுத்தது ஒரு சின்ன பட்டுத் துண்டு. தறியில கடைசியா மிஞ்சுமே, அறுத்து எடுத்த முனை. மாம்பழ நிறம், ஓரத்துல ஒரு விரக்கடை ஜரிகை. ஒரு மாசத்துக்கு முன்னாடி முதல் தடவை வந்தப்பவும் அது அவரு மடியில இருந்திருக்கு. யாருக்கும் சொல்லலை.

அரை மணி நேரம்கூட உக்காரலை. பெரியப்பா சூரியனைப் பார்த்தாரு, கிளம்புங்கன்னாரு.

ஏறுறதைப் பத்தியே எல்லாரும் பேசுறாங்க. இறங்குறதைப் பத்தி யாராவது பேசுங்கப்பா. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்னா சரியாயிடும். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால உடம்பு நல்லா இருக்குன்னு ஏமாந்துடுவோம். ஒவ்வொரு படிக்கும் தொடைச் சதை நீண்டுக்கிட்டே உடம்பு எடையைத் தாங்கணும். அந்த வேலையிலதான் தசை நாரு நுணுக்கமா கிழியும். வலி அன்னிக்கு வராது. மறுநாள் வரும், அதுக்கு மறுநாள் உச்சத்துக்குப் போகும். பெரியப்பா படியில நேரா இறங்கலை, கொஞ்சம் பக்கவாட்டா, நண்டு மாதிரி இறங்கினாரு. மச்சான் இப்போ எதுவும் சொல்லாம அதே மாதிரி இறங்கினாரு.

பத்தரைக்குப் பாதி மலையில எதிர்ல ஒரு கூட்டம் ஏறி வந்துச்சு. அஞ்சாறு பசங்க, காலேஜ் பசங்களா இருக்கும். ஒரு கையில செல்பி ஸ்டிக், இன்னொரு கையில கலர் பாட்டில். "அண்ணா, இன்னும் எவ்ளோ தூரம்?"

மச்சான் நின்னு, பையைத் திறந்து, மிச்சமிருந்த ஒரு லிட்டர் மோரை அவனுங்க கையில குடுத்தாரு. "சங்கிலி வரைக்கும் போங்க. அதுக்குள்ள தலை சுத்துச்சுன்னா திரும்பிடுங்க. சாமி எங்கயும் போயிடாது."

பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கலை.

அடுத்த மூணு நாள் நம்மாளால மிதிக்கட்டையை அமுக்க முடியலை. தறி மூணு நாள் சும்மா கெடந்துச்சு, ஒரு சேலை தள்ளிப்போச்சு. பெரியப்பா மறுநாள் காலையிலேயே வழக்கம்போல மூலையில உக்காந்து முடி போட்டுக்கிட்டிருந்தாரு. மச்சான் மஸ்கட் போய்ச் சேர்ந்து, டிசம்பர்ல டபிள்யூ-4 ஏறப்போறதா தகவல் அனுப்பியிருக்காரு. அங்க குளிர்காலத்துல ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழகூடப் போகும்னும், ஸ்வெட்டருக்குப் பதிலா பெரியப்பாவோட அந்தத் துண்டு கிடைக்குமான்னும் கேட்டிருந்தாரு.

நீங்க பர்வதமலை போறதா இருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி வனத்துறையில நேரத்தைக் கேட்டுக்குங்க, அப்பப்போ மாத்துவாங்க. மழை பெய்ஞ்ச நாள்ல சங்கிலிப் பக்கம் போகாதீங்க. கற்பூரத்தைக் காஞ்ச புல்லுப் பக்கம் ஏத்தாதீங்க. நம்மாளு மாதிரி அமாவாசைக்குத்தான் லீவுன்னா, டார்ச்சுக்கு ரெண்டு செட் பேட்டரி.